பாதம் பேணுதல் – இல்லறத்தார்க்கு ஒரு நலப்பாடம்



பொன்னூர் மலையேறி, ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடிச் சுவடுகளை வணங்கி வரும் மரபினர் நாம். சம்மேதசிகர மலையில் சிகரம் சிகரமாக நடந்து, அங்கு முத்தியடைந்த இருபது தீர்த்தங்கரர்களின் பாதச் சுவடுகளின் முன் தலை தாழ்த்துகிறோம். பெரியோர் திருவடிகளை இத்துணைப் பக்தியுடன் உற்று நோக்கும் நாம், நம்மைச் சுமந்து அம்மலை மீது ஏற்றிய நம் கால்களை ஒருமுறையேனும் திருப்பிப் பார்த்திருக்கிறோமா? முகத்தை நாளொன்றுக்குப் பலமுறை கண்ணாடியில் பார்க்கிறோம். உள்ளங்காலை இறுதியாக எப்போது பார்த்தோம் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர்க்கு விடை கூற இயலாது.

பாதங்களுக்கு வரும் பொதுவான நோய்களையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இப்பாடத்தில் காண்போம். இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுதல் முறையாகும்.

அருள்புரத்தில் நேர்ந்தது

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ளது அருள்புரம். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்த தொழிலூர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் விளைச்சல் குறைந்து போனபோது, எமக்குப் பெரியப்பா முறையாகும் உறவினர் ஒருவர் குடும்பத்துடன் அங்குக் குடியேறினார். கம்பெனி ஒன்றில் அயர்னிங் பிரிவில் வேலை கிடைத்தது. காலை எட்டரை மணிக்கு மேசை முன் நின்றால் மாலை வரை நின்ற நிலைதான். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட்; இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். அந்நாள்களிலும் அவர் இரவு உண்ணாமையைக் கைவிட்டதில்லை. பொழுது சாயுமுன் கொண்டு சென்ற உணவை உண்டு முடித்து, மீண்டும் மேசைக்குச் செல்வார்.

அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. மாத்திரை சில நாள் உண்டு. சில நாள் இல்லை. ஒருமுறை நாம் அவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, வேலை முடிந்து ஒரு காலில் மட்டும் செருப்புடன் வந்து நின்றார். மற்றொன்று வழியில் நழுவிப் போனதை அவர் அறியவில்லை. வீட்டுப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அதுவே முதல் எச்சரிக்கை என்பது நம்மில் எவருக்கும் அன்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு காலைப் பொழுதில், கூட்டிய தரையில் ஈரக் கறை விட்டு விட்டுத் தெரிவதைப் பெரியம்மா கண்டார். கறையைத் தொடர்ந்து சென்று பார்த்தால் அது பெரியப்பாவின் வலக்காலில் முடிந்தது. பெருவிரலின் அடியில் சீழ் கட்டியிருந்தது. செருப்பை எடுத்துப் பார்த்தபோது, உடைந்த தையல் ஊசியின் முனை ஒன்று மெல்லிய ரப்பரைத் துளைத்து உள்ளே நின்றது. எத்தனை நாள்களாக அதன்மீது நடந்தாரோ! "எறும்பு கடித்தால்கூட எனக்குத் தெரியும்; ஊசி குத்தினால் தெரியாதா?" என்றார் அவர். வலியில்லாததால் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குச் சென்றார். சரக்குக் கப்பலுக்குப் போக வேண்டிய வாரம் அது. எட்டாம் நாள் காய்ச்சலுடன் கால் வீங்கியது. மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்த பின்னரே காலைக் காக்க முடிந்தது. "ஐயா, உங்களுக்கு வலி வராததுதான் நோய்" என்று மருத்துவர் சொன்ன சொல் இன்னும் எம் செவியில் ஒலிக்கிறது.

வலி என்னும் காவலன்

மருத்துவர் கூறிய உண்மை நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே உலகுக்குத் தெளிவாக்கப்பட்ட ஒன்றாகும். கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தை டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்குக் காட்டியபோது, விரல்கள் தேய்ந்த கைகளையும் புண் நிறைந்த பாதங்களையும் கண்டார். தொழுநோய் சதையைத் தின்றுவிடுகிறது. அந்நோயாளியின் புண் ஆறாது என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்தாக இருந்தது.

பிராண்ட் அதனை அவ்வாறே ஏற்கவில்லை. ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க இயலவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் அதனை எளிதாகத் திறந்தான். சாவி அவன் விரலை எலும்பு தெரியுமளவு வெட்டியிருந்தது, அவன் அறியவில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, நோய் நரம்புகளின் உணர்வைக் கொல்கிறது, சதையை அழிப்பது உணர்வின்றி ஏற்கும் காயங்களே என்று அவரும் அவர் தோழர்களும் நிறுவினர். புண்பட்ட காலை மாவுக்கட்டில் வைத்து அழுத்தம் படாமல் காத்தபோது, ஆறாது என்று கைவிடப்பட்ட புண்கள் மற்றவர்க்கு ஆறுவதுபோலவே ஆறின.

அவர் வாழ்வில் நேர்ந்த மற்றொரு நிகழ்ச்சியும் நினைக்கத் தக்கது. 1950-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் நெடுந்தொலைவு ரயிலில் பயணம் செய்த ஓரிரவு, காலுறையைக் கழற்றுகையில் தம் குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்தியும் தெரியவில்லை. தொழுநோய் தம்மைத் தொற்றிவிட்டது என்றெண்ணி அவ்விரவை உறக்கமின்றிக் கழித்தார். விடிந்ததும் மீண்டும் குத்திப் பார்த்தார், துள்ளும்படி வலித்தது. பயணத்தில் நரம்பொன்று அழுந்தி மரத்திருந்ததேயன்றி வேறில்லை. வலித்ததற்காக மகிழ்ந்த அவர், வலி ஒரு பெரும் பேறு என்று பிற்காலத்தில் பல இடங்களிலும் எழுதியும் பேசியும் வந்தார். 1966-இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், வேலூரில் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். இரு நோய்களும் வேறு. உணர்விழந்த கால் புண்படும் முறை ஒன்றே. அவர் 2003-இல் மறைந்தார்.

இங்கு நம் அறநூற் கருத்தொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். முனிவர்கள் வெல்ல வேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களுள் நடத்தலால் வரும் துன்பமும், முள்ளும் புல்லும் உறுத்தும் துன்பமும் உள்ளன. அத்துன்பத்தை உணர்ந்து பொறுப்பதே வெற்றி. உணர்வற்ற காலில் முள் தைத்திருப்பதை அறியாமல் நடப்பது பொறுமையாகாது; அது அறியாமையே. எனவே சர்க்கரை நோயுள்ள இல்லறத்தார், "எனக்கு வலிக்கவில்லை, நான் தாங்குவேன்" என்று சொல்வதில் தவமும் இல்லை, நலமும் இல்லை.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இரு பாதங்களையும் சேர்த்தால் 52. உடலின் மொத்த எலும்புகளாகிய 206-இல் ஏறத்தாழக் கால்பங்கு. முப்பத்து மூன்று மூட்டுகளும் நூற்றுக்கு மேற்பட்ட தசைநார்களும் இணைப்பு நார்களும் அவற்றைப் பிணைக்கின்றன. உள்ளங்காலின் நடுவிலுள்ள வளைவு, வில்போல் அமுங்கி நிமிர்ந்து உடலின் எடையைப் பகிர்ந்தளிக்கிறது. உள்ளங்கால் தோலில் வியர்வைச் சுரப்பிகள் மிகுதி. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளோ இல்லை. ஆதலால் விரலிடுக்கு எளிதில் ஈரமாகிறது. குதிகால் எளிதில் வறள்கிறது. கீழே காணும் நோய்களுட் பல இவ்விரண்டிலிருந்தே தொடங்குகின்றன.

பொதுவான பாத நோய்கள்

1. குதிகால் வெடிப்பு. இதனைப் பித்தவெடிப்பு என்கிறோம். பித்தத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. வறண்டு தடித்த தோல், உடல் எடையைத் தாங்கும்போது விரிய முடியாமல் பிளக்கிறது. பின்புறம் திறந்த செருப்பும் வெறுங்கால் நடையும் இதனை மிகுவிக்கும். இளஞ்சூடான நீரில் பத்து நிமிடம் காலை வைத்து, கால் தேய்க்கும் கல்லால் மெல்லத் தேய்த்து, துடைத்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கலாம். பிளேடால் சீவுதல் கூடாது. பிளவில் குருதியோ சீழோ தோன்றினால் மருத்துவரைக் காண வேண்டும். சர்க்கரை நோயுள்ளோர் காலை நீரில் ஊறவைத்தலும் கல்லால் தேய்த்தலும் தவிர்த்து, எண்ணெய்ப் பூச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

2. கால் ஆணி. செருப்போ எலும்போ ஓரிடத்தையே அழுத்திக்கொண்டிருந்தால் அங்குத் தோல் கெட்டிப்பட்டு ஆணியாகிறது. அழுத்தத்தை நீக்காமல் ஆணியை மட்டும் நீக்கினால் மீண்டும் வளரும். வைரஸ் கிருமியால் வரும் மருவும் பார்வைக்கு ஆணி போன்றே இருக்கும்; இரண்டையும் மருத்துவரே பிரித்தறிய இயலும். கடையில் கிடைக்கும் ஆணிப் பிளாஸ்திரியில் சாலிசிலிக் அமிலம் உண்டு. அது நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரை நோயுள்ளோர் அதனைத் தொடவே கூடாது.

3. சேற்றுப்புண். வயலில் நிற்போர்க்கும் சாயப்பட்டறையில் ஈரத்தில் நிற்போர்க்கும் ஒன்றுபோல் வருவது. விரலிடுக்கில் பூஞ்சைக் காளான் பற்றி, தோல் வெளுத்து ஊறி, அரிப்பும் நாற்றமும் உண்டாகும். காலைக் கழுவியபின் ஒவ்வொரு விரலிடுக்கையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தலே முதல் மருந்து. குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்புக் களிம்பை மருத்துவர் கூறும் காலம் வரை, அரிப்பு நின்ற பின்னும் தொடர்ந்து பூச வேண்டும். மருந்துக் கடையில் கேட்ட மாத்திரத்தில் தரும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவை இரண்டு நாளில் அரிப்பை அடக்கி, இரண்டு மாதத்தில் நோயைப் பரப்பும். ஆதலால் கேட்டறிந்து வாங்குக.

4. குதிகால் வலி. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் முள்ளில் மிதித்தாற்போல் வலித்து, சற்று நடந்தபின் குறைந்தால், உள்ளங்கால் வளைவைத் தாங்கும் தடித்த சவ்வு நைந்திருக்கிறது என்று கொள்ளலாம். நெடுநேரம் நிற்போர்க்கும் உடல் பருத்தோர்க்கும் வரும். எக்ஸ்ரேயில் எலும்பு முளை தெரிந்தால் பலர் அஞ்சுகின்றனர். வலியே இல்லாத பலருக்கும் அம்முளை இருப்பதுண்டு. படுக்கையை விட்டு எழுமுன் துண்டொன்றை முன்பாதத்தில் மாட்டித் தம்பக்கம் இழுத்து அரை நிமிடம் நிறுத்துக. இவ்வாறு ஐந்து முறை செய்க. சுவரில் கையூன்றிக் கெண்டைச் சதையை நீட்டும் பயிற்சியும் நன்று. வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு அணிக. பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் குணமாகும், பொறுமை வேண்டும்.

5. நகம் உள்வளர்தல். நகத்தின் ஓரங்களை வளைத்து ஒட்ட வெட்டுவதால் நகமுனை சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கிறது. கால் நகத்தை நேராக வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்குதல் போதும். கண் மங்கிய முதியோர்க்கு வீட்டிலுள்ள இளையோர் இதனைச் செய்து தருதல் வேண்டும்.

6. நரம்புச் சுருட்டல். பெயரில் நரம்பு என்றிருப்பினும் சுருள்வது குருதிக் குழாயாகிய சிரையே. கீழிருந்து மேலே செல்லும் குருதி திரும்பி வழியாதவாறு சிரையில் அடைப்பிதழ்கள் உள்ளன. அவை தளர்ந்தால் குருதி தேங்கிச் சிரை புடைக்கும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளில் நாள் முழுதும் நிற்போர்க்கும், அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கும், கருவுற்ற தாய்மார்க்கும் இது மிகுதி. கெண்டைச் சதை இயங்கும்போதுதான் குருதி மேலே தள்ளப்படுகிறது. ஆகவே அரை மணிக்கொருமுறை குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதலைப் பத்து முறை செய்யலாம். நின்ற இடத்திலேயே இயலும். இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்து அரித்தால் புண் வருமுன் மருத்துவரைக் காண்க.

சர்க்கரை நோயும் பாதமும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து, 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல். நம் குடும்பங்களில் இந்நோய் இல்லாத வீடு எது என்று எண்ணிப் பார்க்கலாம். புலால் உண்ணாமை இந்நோய்க்கு முழுக் காவலன்று. அரிசி மிகுந்து உழைப்புக் குறைந்த இடத்தில் சைவ உணவினரையும் அது பற்றும்.

நாட்பட்ட சர்க்கரை, பாதத்தை மூன்று வழிகளில் தாக்குகிறது. நீண்ட நரம்புகளின் முனைகள் முதலில் கெடுவதால் விரல் நுனியிலிருந்து உணர்வு குறைகிறது. குருதிக் குழாய்கள் குறுகுவதால் புண்ணுக்கு வேண்டிய குருதி வந்து சேர்வதில்லை. கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் தளர்கிறது. புகை பிடிப்போர்க்குக் குழாய்கள் மேலும் விரைந்து குறுகும்.

இதன் அறிகுறிகள் எளியவை. பாதத்தில் எரிச்சல், இரவில் ஊசி குத்தல், செருப்பு நழுவுவது தெரியாமை, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு. பஞ்சையும் நூலையும் நம்பி வாழும் திருப்பூர்ப் பகுதியில், பஞ்சின்மேல் நடப்பதாக ஒருவர் கூறினால் அதனை வேடிக்கையாகக் கொள்ளலாகாது. அன்றே குருதியில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

உணர்வைச் சோதிப்பதற்கு மெல்லிய நைலான் இழை ஒன்றுண்டு. தோலில் அழுத்தினால் பத்து கிராம் விசையில் அது வளையும். அத்தொடுகை தெரியாத பாதம் காவலிழந்த பாதம். இச்சோதனைக்கு வலியில்லை, சில நிமிடமே ஆகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதனைச் செய்யுமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். சென்னை இராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் நிறுவிய நீரிழிவு மருத்துவமனை, பாதப் பராமரிப்பைத் தனித் துறையாக வளர்த்த நிறுவனங்களுள் ஒன்றாகும். தமிழ்நாடு அரசும் அண்மை ஆண்டுகளில் 'பாதம் பாதுகாப்போம்' என்னும் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைக்கு வழி செய்துள்ளது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பணியாளரிடம் பாதத்தையும் காட்டலாம்.

உணர்வு குறைந்தோர் மறவாமல் காக்க வேண்டியவை: வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்த்தல், வெந்நீர்ப் பையைக் காலில் வைக்காமை, வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடவாமை, ஆணியைத் தாமே வெட்டாமை. வலியில்லாத புண், நிறம் மாறிய விரல், திடீரெனச் சிவந்து சூடேறி வீங்கிய பாதம் ஆகிய மூன்றில் எது தோன்றினும் மறுநாளைக்குத் தள்ளாமல் மருத்துவமனை செல்ல வேண்டும்.

காலணி

தோற்செருப்பைத் தவிர்ப்பவர் நம்மில் மிகுதி. அதற்கு மாற்றாக விலை மலிந்த மெல்லிய ரப்பர்ச் செருப்பை அணிகிறோம். பெரியப்பாவின் காலைக் காக்கத் தவறியது அதுவே. கொல்லாமையைக் காத்துக்கொண்டே பாதத்தையும் காக்கும் காலணி உண்டு. வேலூரில் பிராண்டும் அவர் தோழர்களும் உணர்விழந்த பாதத்துக்கேற்ற அடித்தட்டைத் தேடியபோது கண்டது நுண்ணறை ரப்பர். அதனுள் எண்ணற்ற சிறு காற்றறைகள் உள்ளன. மிதித்தால் மெத்தென அமுங்கும். ஆயினும் முற்றும் தட்டையாகாமல் அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இவ்வகைக் காலணிக் கலை வளர்ந்தது. இன்று மருந்துக் கடைகளிலும் காலணிக் கடைகளிலும் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் தருவர். மேல்வார் தோலால் செய்யப்பட்டதா, ரெக்சினால் செய்யப்பட்டதா என்று கேட்டு, ரெக்சின் வாரையே பெறலாம்.

வாங்கும்போது கருத வேண்டியவை சில. மாலை வேளையில் வாங்குக. பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். நின்றுகொண்டு அளவு பார்க்க. நீண்ட விரலுக்கு முன் அரை விரல் இடம் இருத்தல் வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் பின்வார் உள்ளதைத் தேர்க, அது நழுவாது. உணர்வு குறைந்தோர் விரலிடுக்கில் வார் உள்ள செருப்பை விலக்குக. புதியதை முதல் வாரம் நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரமே அணிக.

மேலும் ஒன்று. அணியுமுன் செருப்பைத் தலைகீழாக உதறி, உள்ளே கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். எறும்போ பூச்சியோ உள்ளிருந்தால் அதன் உயிர் காக்கப்படும். ஊசியோ கல்லோ இருந்தால் நம் கால் காக்கப்படும். ஒரே செயலில் இரு பயன்.

மலையாத்திரையும் கோயிலும்

சம்மேதசிகர யாத்திரை ஏற்றமும் சுற்றும் இறக்கமுமாக ஏறத்தாழ 27 கிலோமீட்டர். பெரும்பாலோர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். உடல் நலமுடையோர்க்கு அது பக்திச் செயல். யாத்திரைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் நடந்து பழகினால் கொப்புளம் குறையும். உணர்வு குறைந்தோர்க்கு அந்நடை இடரானது. அவர்கள் முன்னரே பாதச் சோதனை செய்துகொண்டு, மருத்துவர் அறிவுரைப்படி துணிக் காலணி அணிதலோ டோலியில் செல்லுதலோ தக்கது. வெறுங்கால் நடை முனிவர்க்கு விரதம். இல்லறத்தார்க்கு அவரவர் ஆற்றலுக்கேற்பவே நோன்பு விதிக்கப்பட்டுள்ளது.

சித்திரை, வைகாசித் திங்களில் நண்பகலில் நம் மலைக்கோயில்களின் பாறை எவ்வளவு கொதிக்கும் என்பதை அறிவோம். உணர்வுள்ளவர் துள்ளி ஓடி நிழலடைகிறார். உணர்வற்றவர் அமைதியாக நடந்து செல்கிறார். மாலையில் தோல் உரிந்து நிற்கிறார். அவரைக் கண்டு "எவ்வளவு பக்தி!" என்று வியப்போமாயின் நாம் பிழை செய்தவராவோம். ஆலய நிர்வாகத்தார்க்கு நம் பணிவான வேண்டுகோள்: வாயிலிலிருந்து கருவறை வரை தேங்காய் நார் விரிப்பு இடுக, வெயிற்காலத்தில் அதனை நனைத்து வைக்க, பாறைப் பாதையில் வெப்பம் தாக்காத வெண்பூச்சு அடிக்க, முதியோர் பருத்திக் காலுறையுடன் வலம்வர இசைவு தருக. பெருஞ்செலவு இல்லை, பல கால்கள் பிழைக்கும்.

மாலைதோறும் பாதம் பார்த்தல்

இப்பாடத்தின் சாரம் இப்பகுதியே. ஈர்யா சமிதி என்பது, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி நடத்தல். அடி வைக்குமுன் நிலத்தைப் பார்க்கும் அப்பழக்கத்தோடு, நாள் முடிவில் அடியையும் பார்க்கும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்வோம். முறை இதுவாகும்.

விளக்கொளியில் அமர்ந்து காலைக் கழுவுக. ஒற்றித் துடைக்க, விரலிடுக்கை மறவற்க. மேற்புறம், அடிப்புறம், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு என்று வரிசையாகப் பார்க்க. குனிய இயலாதோர் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்புறத்தைப் பார்க்கலாம். கண் மங்கியோர்க்குப் பிறர் பார்த்துச் சொல்லலாம். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம், ஈரம், நிறமாற்றம் இவற்றுள் ஏதேனும் உண்டா என்று காண்க. புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு, ஒன்று மற்றொன்றினும் சூடாக உள்ளதா என்று ஒப்பிடுக. இறுதியாக, விரலிடுக்கு நீங்கலாக எண்ணெய் தடவுக. ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.

அருள்புரத்து இல்லத்தில் இப்போது இது நாள்தோறும் நடக்கிறது. பெரியப்பா இருக்கையில் அமர்ந்து மறுகாலின் மேல் காலை வைப்பார். பேத்தி கைக்கண்ணாடியும் டார்ச் விளக்கும் கொண்டு வருவாள். எட்டு விரல்களையும் எண்ணிப் பார்த்து, "எட்டும் நலம் தாத்தா" என்பாள். சென்ற ஆண்டு அவள் கண்ணிலேதான் சிறு கொப்புளம் ஒன்று பட்டது. மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் சென்றனர். பத்து நாளில் ஆறியது. செருப்பு நழுவியபோது சிரித்த வீட்டில், இன்று ஒரு சிறுமி காவல் இருக்கிறாள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நும் இல்லத்தில் சர்க்கரை நோயுள்ளவர் யாவர்? அவர் பாதத்தை இறுதியாக யார், எப்போது பார்த்தார்?
2. வீட்டுச் செருப்புகளைத் திருப்பிப் பார்த்தால் எவற்றில் தேய்வும் துளையும் உள்ளன?
3. கால் ஆணிக்கும் வெடிப்புக்கும் பிளேடு எடுக்கும் பழக்கம் வீட்டில் உண்டா?
4. நும் ஊர் ஜினாலயத்தில் நண்பகலில் முதியவர் ஒருவர் சூடின்றி வலம்வர இயலுமா? இயலாதெனில் அடுத்த கூட்டத்தில் அதனை எடுத்துரைப்பவர் யார்?

இவ்வினாக்களுக்குக் குடும்பத்தார் ஒருங்கிருந்து விடை காண்பாராக. விடை காணுமுன், இன்று மாலையே முதியோர் ஒருவரின் பாதத்தைக் கையிலெடுத்துப் பார்ப்பாராக. அதனை மருத்துவமாகவும் கொள்ளலாம், வணக்கமாகவும் கொள்ளலாம்.

நலம் பெருகுக! அறம் வளர்க!